வீட்டு மணி, ஊர் மணி

ஜூன் 4

அன்புள்ள வாலு,

முதலில் ஒரு செய்தி. நம் வீட்டு வாசல் கதவில் இப்போது தாழ்ப்பாள் இல்லை. நேற்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரே உதையில் அதைப் பெயர்த்துவிட்டார். ஊசியில் நூல் கோக்கவே ஆள் தேடுகிற மனிதருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல் வேறு. பதறியடித்து உள்ளே வந்தவர் பார்த்தது, ஸ்டூல் மேல் நின்று, வாயில் போனைக் கவ்விக்கொண்டு, ஃபியூஸ் கட்டிக்கொண்டிருந்த என்னைத்தான்.

நடந்தது இதுதான். தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க, நம் வீடு மட்டும் இருட்டாகிவிட்டது. ஃபியூஸ்தான் போயிருக்கும் என்று தெரிந்தது. வேலைக்காலம் முழுக்க வீடு வீடாக ஏறி மீட்டர் கணக்கெடுத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் டார்ச் இல்லை. போன தடவை வந்தபோது, "போன்லயே லைட் இருக்குப்பா, இந்தத் துருப்பிடிச்சதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க"ன்னு நீதான் அதைக் குப்பையில் போட்டாய். சரி என்று மெயினை அணைத்துவிட்டு போனில் விளக்கைப் போட்டேன். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். டார்ச் என்றால் அக்குளில் இடுக்கிக்கொள்வேன். இந்தப் பலகை எங்கே நிற்கிறது? வழுக்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் வாயில் கவ்வினேன்.

நாக்கு பட்டதோ கன்னம் பட்டதோ, உனக்கு அழைப்பு போயிருக்கிறது. திடீரென்று என் வாய்க்குள்ளிருந்து நீ "அப்பா! அப்பா!" என்று கத்துகிறாய். வாயைத் திறந்தால் போன் கீழே விழுந்து உடையும். அதனால் "ம்ம்... ம்ம்" என்றேன். அதற்கு நீ தையல்காரருக்குப் போன் போட்டு ஊரையே கூட்டிவிட்டாய்.

பிறகு பேசும்போது நீ அழுதாய். நான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். மூக்கை உறிஞ்சிவிட்டு நீ "சரிப்பா, வேற?" என்றாய். உன்னுடைய அந்த "வேற?" வந்துவிட்டால் எனக்குச் சொல்ல இருந்ததும் மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். காகிதம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். நாளைக்குத் தச்சர் வருகிறார்.

அப்பா


ஜூன் 11

அப்பா,

உங்கள் கடிதம் ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்தது. இடைவேளையில் நின்றபடியே படித்தேன். பக்கத்து வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துல லெட்டரா? யாருடி அது?" என்று கேட்டாள். "எங்கப்பா"ன்னு சொன்னதும் அவள் முகத்தில் ஒரே ஏமாற்றம்.

போன் உங்கள் வாய்க்குள் இருந்த இடத்தில் சிரித்துவிட்டேன். ஆனால் அப்பா, உங்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அது வேடிக்கையாக இல்லை. பக்கவாதம் வந்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நாளெல்லாம் கேட்கிறேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள் அதே மாதிரி "ம்ம்" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ராத்திரிப் பயணம் இருக்கிறது. அம்மா போனபோதும் நான் பஸ்ஸில்தான் இருந்தேன். இன்னொரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வர என்னால் ஆகாது.

அதனால் இங்கே வந்துவிடுங்கள். பேச்சுக்கு அழைக்கவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். நீங்களும் ஒண்டிக்கட்டை, நானும் ஒண்டிக்கட்டை. இரண்டு அடுப்பு எதற்கு? என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பள்ளிக்கூட மைதானம். உங்களுக்குப் பொழுது போகும்.

சாமான்களை நினைத்து மலைக்காதீர்கள். ஒரு பெட்டி போதும். கடிகாரம், அலாரம், ரேடியோ, கேமரா, கால்குலேட்டர், காலண்டர் எல்லாம் அந்த போனுக்குள் இருக்கிறது. மீதியை யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

இதை நான் போனில் சொன்னால் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன். இனி உங்கள் பாடு.

உங்கள் மகள்


ஜூன் 19

அன்புள்ள வாலு,

எல்லாம் போனுக்குள் இருக்கிறது என்கிறாய். நானும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். நியாயத்தை நியாயம் என்று சொல்ல வேண்டும். கால்குலேட்டர் விஷயத்தில் நீ ஜெயித்தாய். என்னுடையதில் ஏழு என்ற பொத்தான் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டது. ஏழு வருகிற கணக்கையெல்லாம் மனசில்தான் போட்டேன்.

கேமராவிலும் நீதான். பிலிம் போட்ட காலத்தில் உன் அம்மா பிலிம் வீணாகும் என்று பயந்தே யாரையும் லேசில் படம் எடுக்க மாட்டாள். "சிரிக்காத, ஆடாத, மூச்சு விடாத" என்று சொல்லிச் சொல்லி, கழுவி வந்த படத்தில் நாமெல்லாம் அடிவாங்கியவர்கள் மாதிரி நிற்போம். போன் வந்தபிறகு கண்டதையும் எடுத்தாள். மாடிப்படி, பூனை, என் முதுகு. எல்லாப் படத்திலும் ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்திருக்கும். ஸ்டுடியோக்காரராக இருந்தால் கழித்துப் போட்டிருப்பார். நான் இப்போது அந்தப் படங்களைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், விரலுக்காகவே.

ஆனால் ரேடியோவில் நீ தோற்றாய். ரேடியோ வீட்டுக்கே பாடும். அவள் சமையலறையிலும் நான் குளியலறையிலும் நீ கட்டிலுக்கடியிலும் ஒரே பாட்டைக் கேட்போம், அப்புறம் அந்தப் பாட்டைப் பற்றிச் சண்டை போடுவோம். போன் என் காதுக்கு மட்டும் பாடுகிறது. அந்தப் பாட்டைப் பற்றி யாரிடம் போய்ச் சண்டை போட?

கடிகாரத்தைப் பற்றி நீ பேசவே கூடாது. போன வருஷம் உன் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்தபோது, உன் சீருடையில் ஊசி குத்தித் தலைகீழாக ஒரு குட்டிக் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. "போன்ல மணி பாத்தா, நோயாளியோட சொந்தக்காரங்க நான் அரட்டை அடிக்கறேன்னு புகார் குடுத்துடறாங்கம்மா"ன்னு அம்மாவிடம் நீ சொன்னாய். எனக்குக் காது கேட்கும்.

நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். கதவை உடைத்த சங்கடத்தில் அவர் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டார், அதற்காகத்தான். அந்தக் கடிகாரத்தின் கதை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் நான் தினமும் ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்டேன். உன் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாள். எனக்கு அது தெரியவந்ததும் பார்க்கும்போதெல்லாம் கால் மணியைக் கழித்துக்கொண்டேன். பஸ் பழையபடி போயிற்று. ஆனாலும் முள்ளைத் திருப்பி வைக்க அவள் கடைசிவரை விடவில்லை. "அது வீட்டு மணி. வெளிய ஓடறது ஊர் மணி. ரெண்டும் வேற வேற"ன்னு சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் அலறியடித்துக்கொண்டு கிளம்புவார்கள். நாம் மூன்று பேரும் வாயைத் திறக்க மாட்டோம்.

தையல்காரரிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு நாளாகக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாராம். அவர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாள் வந்து இருந்து பார்க்கிறேன். ஆனால் திரும்பி வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் எடு. கையில் திரும்பும் டிக்கெட் இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை.

அப்பா


ஜூன் 29

அப்பா,

ரயில் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தேன். பெருக்குகிறவர்கள் ஏறியபிறகும் நின்றேன். உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நீங்கள் தரையில் கிடப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் தையல்காரரைக் கூப்பிட்டேன். "அப்பா வீட்லதாம்மா இருக்காரு. இப்பதான் நம்ம கடைக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு"ன்னு சொன்னார். டீ.

வர இஷ்டமில்லை என்றால் சொல்லியிருக்கலாம். அறைக்கு வெள்ளையடித்தேன். உங்கள் முழங்காலுக்கு ஆகுமா என்று கடையில் நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து பார்த்து ஒன்று வாங்கினேன். மூன்று பேரிடம் கெஞ்சி ராத்திரி டியூட்டியை மாற்றிக்கொண்டேன். நாற்காலியில் இப்போது என் துவைத்த துணி கிடக்கிறது.

அம்மா இருந்திருந்தால் அவளிடமாவது சொல்லி அழுதிருப்பேன். உங்களிடம் என்ன சொல்ல? நான் இனிமேல் கூப்பிட மாட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆனால் தையல்காரர் சொல்லட்டும்.

மகள்


ஜூலை 4

அன்புள்ள மகளுக்கு,

இஷ்டமில்லாமல் இல்லை. கிளம்பினேன். பெட்டியைக் கட்டி, குழாயை மூடி, கேஸை மூடி, சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு போர்ட்டர், "என்ன பெரியவரே, ஒரு கால் மணி முன்னாடி வந்திருக்கக் கூடாதா"ன்னு சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் மணி பார்க்க என் கண் சுவருக்குத்தான் போகும். அன்றைக்குச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் மனசு தானாகக் கால் மணியைக் கழித்துவிட்டது. இன்னும் நேரம் கிடக்கிறதென்று கண்ணாடி முன் நின்று நிதானமாகத் தலை வாரினேன். போன் சரியான மணியைத்தான் காட்டியது. நான்தான் அதை வீட்டு மணியாக்கிவிட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உன் அம்மாவாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மறுநாள் காலையில் நீ கூப்பிட்டபோது போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். உன் பெயர் தெரிந்தது. விரலைக் கொண்டுபோனேன். எடுத்து என்ன சொல்வது? அது தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன், அது நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அப்படியே. நீ நான் விழுந்து கிடப்பதாக நினைப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபத்தில் இருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

வாலு, உனக்கு வீட்டு போன் ஞாபகம் இருக்கிறதா? ஹாலில், முக்காலி மேல், உன் அம்மா தைத்துப் போட்ட உறையோடு உட்கார்ந்திருக்கும். நீ விடுதியில் சேர்ந்த காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடிப்பாய். நான்தான் பக்கத்தில் இருப்பேன், நான்தான் எடுப்பேன். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? மழை உண்டா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான் நான் பேசுவது. ஆனால் வாராவாரம் பேசினேன். அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு போன், எனக்கென்று ஒரு போன் வந்தது. நீ நேரே அவளைக் கூப்பிட்டாய், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் பேசி முடித்துவிட்டு, "வாலு உங்களைக் கேட்டா"ன்னு சொல்வாள். நான் "ம்" என்பேன். வீட்டு போனைத் திருப்பிக் கொடுத்தபோது வீண் செலவு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். உன்னோடு பேச எனக்கிருந்த சாக்கும் அந்த முக்காலியோடு போய்விட்டது.

இப்போது நீ என்னைத்தான் கூப்பிடுகிறாய். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், மழை உண்டா என்று கேட்கிறேன். அதற்கப்புறம் கொடுக்க ஆள் இல்லை.

பயம் இதுதான், சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து ராத்திரிவரை, நாம் இரண்டு பேரும் என்ன பேசுவோம்? போனிலேயே தாக்குப் பிடிக்கவில்லையே. நீ அலுத்துப்போய் வருவாய். நான் நாற்காலியில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பத்து நாளில் நமக்குள் எதுவுமே இல்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் நான் எங்கே போவது? தூரத்தில் இருந்தால் இருப்பதாகவாவது இருக்கும்.

நாற்காலியில் துணி கிடக்கட்டும். கசங்காமல் பார்த்துக்கொள்.

அப்பா


ஜூலை 12

அப்பா,

கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஒரு நாள் பையிலேயே வைத்திருந்தேன். ஒரு நாளுக்குமேல் வீம்பு தாங்கவில்லை. நான் உங்கள் மகளாயிற்றே என்று சொல்லலாம், ஆனால் நீங்கள் இன்னும் நாலு நாள் தாங்கியிருப்பீர்கள்.

முதலில் கால் மணி. விடுதியில் சேர்ந்த முதல் வாரம் எல்லா வகுப்புக்கும் தாமதமாகப் போனேன். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தால் போதும், கழித்துவிடுவேன். வார்டன் என்னை நிற்க வைத்து, "உனக்கு மணி பாக்கத் தெரியுமா, தெரியாதா?"ன்னு கேட்டார். "எங்க வீட்ல கழிச்சுப் பாக்கணும் மேடம்"னு சொன்னேன். அதிலிருந்து எனக்குக் 'கழித்தல்' என்று பெயர். இன்றைக்கும் வார்டுச் சுவரில் இருக்கும் பெரிய கடிகாரத்தை நான் நம்புவதில்லை. நெஞ்சில் தொங்குவதைத்தான் பார்க்கிறேன். சுவரில் இருந்தால் அது அம்மா தள்ளி வைத்ததாகவே தோன்றுகிறது. நீங்கள் ரயிலை விட்ட காரணம் இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும். படித்துவிட்டு மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நோயாளி ஒருவர் பயந்துவிட்டார்.

இனி அடுத்தது. அன்றைக்கு நடைமேடையில் எல்லாரும் இறங்கிப் போனபிறகு, பயம் வருவதற்கு முன்னால் ஒரு நொடி, "அப்பாடா" என்றிருந்தது. அதை நினைத்துத்தான் உங்கள் மேல் அத்தனை கோபம் வந்தது. உங்களுக்கிருந்த அதே பயம் எனக்கும் இருந்தது. வெள்ளையடிக்கும்போதே, நீங்கள் வந்ததும் என்ன பேசலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். உங்கள் முழங்கால், ஊர் விலைவாசி, தையல்காரர். முதல் நாள் மத்தியானத்துக்கே முடிந்துவிடும் என்று தெரிந்தது.

அந்த "வேற?" பற்றிச் சொன்னீர்கள். நான் போனை வைக்க நினைத்து அதைக் கேட்பதில்லை அப்பா. நீங்கள் இன்னும் கொஞ்சம் பேசமாட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை.

ஆனால் இதையும் யோசித்தேன். போனில் நாம் சும்மா இருக்க முடியாது. பேச்சு நின்றால் "ஹலோ, கேக்குதா? ஹலோ?" என்று பதற வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை. நான் சின்னவளாக இருந்தபோது நீங்கள் மீட்டர் கணக்கு எழுதுவீர்கள், நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். நாம் என்ன பேசிக்கொண்டோம்? ஒன்றும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த மேசை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சாமான்களில் எது போனாலும் எனக்குக் கவலையில்லை அப்பா. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போன் கொடுக்காது.

பேச வேண்டாம். வந்து உட்காருங்கள். துணியை எடுத்துவிட்டேன்.

போக டிக்கெட், திரும்ப டிக்கெட் இரண்டும் உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கிளம்பும் நாளன்று ஸ்டேஷனுக்கு முன்னதாகவே போய் உட்காருங்கள். தையல்காரரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் இன்னும் வீட்டு மணியில்தானே இருக்கிறார், நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

உங்கள் வாலு


ஜூலை 29, உன் சாப்பாட்டு மேசை

வாலு,

நீ டியூட்டி முடிந்து வந்து உள்ளே தூங்குகிறாய். எழுப்ப மனசில்லை. எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடும் சத்தத்தில் நீ எப்படித்தான் தூங்குகிறாயோ. உன் பக்கத்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். இதைத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைக்கிறேன்.

வந்த முதல் நாள் நாம் இரண்டு பேரும் அநியாயத்துக்குப் பேசினோம். எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. நீ என் முழங்காலைப் பற்றி மூன்று தடவை கேட்டாய், நானும் மூன்று தடவையும் புதிதாகப் பதில் சொன்னேன். இரண்டாம் நாள் சரக்கு தீர்ந்தது. நேற்று சாயங்காலம் நீ துணி மடித்தாய். நான் உன் மிக்ஸியின் ஒயரைப் பிரித்துப் போட்டு ஒட்டினேன். எதிரே விளையாட்டு முடிந்து மைதானம் காலியாயிற்று. விளக்குப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது நிறைவாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் நீயாக ஒரு தடவை சிரித்தாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நாளை மறுநாள் எனக்கு ரயில். காலையில் போனைத் திறந்து அந்தத் திரும்பும் டிக்கெட்டைத் தேடி எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். கீழே 'ரத்து செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினேன். உடனே போன் என்னைப் பார்த்து 'உறுதியாகவா?' என்று கேட்டது.

உன் அறையில் நீ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. 'ஆம்' என்பதை அமுக்கிவிட்டேன்.

அப்பா